பைக்குக்குள்ள தண்ணி வந்த கதை

போன மாசம் ஒரு நாள் காலையில பைக்கை எடுக்கப் போனேன். பார்க்கிங் தரையில பச்சை நிறத்துல நாலஞ்சு சொட்டு. தொட்டுப் பாத்தா ஒரு வழவழப்பு. கூலன்ட்.

எங்க தெரு நாய் ஒண்ணு, வெயில் ஏறினா என் பைக்குக்கு அடியிலதான் வந்து படுக்கும். அது அந்தச் சொட்டுகிட்ட மூக்கைக் கொண்டுபோனப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன்னா கூலன்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைகால் இனிப்பா இருக்கும். ஆனா விஷம். கொஞ்சம் நக்கினாலே நாயோட சிறுநீரகம் செயலிழந்து போகலாம். நாயை விரட்டிட்டு, பழைய துணியால துடைச்சுக் கழுவிட்டு, குனிஞ்சு பாத்தேன். இன்ஜினோட வலது பக்கம், வாட்டர் பம்ப்புக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை. சொட்டு அங்கிருந்துதான் வருது.

பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பாத்துட்டு, "எம்-சீல் வெச்சு அடைச்சிடு தம்பி, முடிஞ்சது வேலை"ன்னார். நான் அடைக்கல. ஏன் அடைக்கலன்னு சொல்லத்தான் இந்த எபிசோடு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. காத்துலயே குளிர்ந்துக்கிட்டிருந்த பைக்குக்குள்ள தண்ணி எப்ப வந்தது? தண்ணி வந்தப்பவே பம்ப்பும் வந்துதா?

மோட்டார் சைக்கிள் வரலாற்றில் தண்ணீர் நேற்று வந்த விருந்தாளி இல்லை. வரிசையாகத் தயாரித்து விற்கப்பட்ட முதல் மோட்டார் சைக்கிளே தண்ணீரில் குளிர்ந்ததுதான். 1894-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் ஹில்டெபிராண்ட் அண்ட் வுல்ஃப்முல்லர் நிறுவனம் அதைத் தயாரித்தது. கிட்டத்தட்ட 1,500 சிசி. தண்ணீரை எங்கே வைத்தார்கள் தெரியுமா? பின்சக்கரத்து மட்கார்டுக்குள்ள! மட்கார்டையே தொட்டியாச் செஞ்சுட்டாங்க.

அடுத்து இங்கிலாந்தின் யார்க்‌ஷயர். 1908-ல் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் தன் பெயரிலேயே மோட்டார் சைக்கிள் கம்பெனி தொடங்கினார். அவருடையது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். கிராங்க் ஷாஃப்ட் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும், அதனால் சூடு அதிகம். அந்தச் சூட்டைத் தணிக்க ஸ்காட் தண்ணீரைப் பயன்படுத்தினார். ஆனா பம்ப் கிடையாது.

பம்ப் இல்லாம தண்ணி எப்படி ஓடும்? சோறு கொதிக்கிறதைப் பாத்திருப்பீங்க. அடியில சூடான தண்ணி மேல வரும், மேல இருக்கிறது கீழ இறங்கும், அரிசி அதோட சேர்ந்து சுத்தும். அதே சங்கதிதான். சூடான தண்ணி லேசாகி ரேடியேட்டருக்கு ஏறும், அங்க குளிர்ந்து கனமாகித் திரும்ப இன்ஜினுக்கு இறங்கும். தெர்மோசைஃபன்னு பேர். தேய்ஞ்சு போற பாகம்னு ஒண்ணுமே இல்ல. இப்படிப்பட்ட வண்டிதான் 1912, 1913 ரெண்டு வருஷமும் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி ரேஸ்ல ஜெயிச்சது.

இவ்வளவு நல்லா இருந்தா எல்லாரும் ஏன் தண்ணிக்கு மாறல? எடை, செலவு, ஒழுகுற பயம். சிலிண்டரைச் சுத்தித் தகடு தகடா இருக்கிற ஃபின்னுக்கு இதெல்லாம் எதுவும் வேண்டாம், ஓடுற காத்தே போதும். சின்ன இன்ஜினுக்கு அது இன்னைக்கும் போதும். நம்ம தெருவுல ஓடுற ஸ்ப்ளெண்டரே சாட்சி.

காற்று திணறியது பெரிய இன்ஜின்களில்தான். 1971-ல் சுசுகி ஜிடி750-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்று சிலிண்டர், பக்கத்துப் பக்கத்தில். ஓரத்தில் இருக்கும் இரண்டுக்கும் காற்று கிடைக்கும், நடுவில் இருப்பதற்கு? அதனால் தண்ணீர். தெர்மோசைஃபனில் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். பம்ப் என்றால் இன்ஜினின் பல்சக்கரமே அதைச் சுழற்றும், இன்ஜின் வேகமெடுத்தால் தண்ணீரும் வேகமெடுக்கும். ஜிடி750-க்கு அந்தப் பம்ப் இருந்தது. இங்கிலாந்துல அந்த வண்டிக்கு 'கெட்டில்'னு பட்டப்பேர் வெச்சாங்க, அமெரிக்காவுல 'நீர் எருமை'ன்னாங்க. கிண்டல் பண்ணினாலும் பாதை மாறல. 1975-ல ஹோண்டா கோல்டு விங் வந்தது, அதுவும் தண்ணிதான். சிலிண்டரைச் சுத்தித் தண்ணி இருந்தா சத்தம் குறையும். சூடு ஒரே அளவுல நிக்கிறதால புகையைக் கட்டுப்படுத்துறதும் சுலபம். சத்தத்துக்கும் புகைக்கும் சட்டம் இறுக இறுக, ரேடியேட்டர் பரவுச்சு.

நம்ம நாட்டுக்கு அது வர ரொம்ப நாளாச்சு. 1980-ல் யமஹா ஆர்டி350-க்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கொடுத்து ஆர்டி350எல்சி என்று வெளியிட்டது. மூன்று வருஷம் கழித்து, 1983-ல் இங்கே ராஜ்தூத் 350 வந்தபோது கிடைத்தது பழைய காற்றுக் குளிர்ச்சி ஆர்டிதான். 2008-ல ஆர்15 வந்தப்பதான், ஒரு 150 சிசி பைக்குல ரேடியேட்டரை நம்ம பசங்க பக்கத்துல நின்னு பாத்தாங்க. 2012-ல கேடிஎம் 200 டியூக். சென்னையில இருக்கிற ராயல் என்ஃபீல்டு தன்னோட முதல் தண்ணீர்க் குளிர்ச்சி பைக்கை, ஹிமாலயன் 450-ஐ, 2023-லதான் விட்டாங்க.

சரி, என் ஓட்டைக்கு வர்றேன். பம்ப் வந்ததும் ஒரு புதுத் தொல்லையும் வந்தது. பம்ப்போட ஷாஃப்டுக்கு ஒரு பக்கம் இன்ஜின் ஆயில், இன்னொரு பக்கம் கூலன்ட். ரெண்டும் கலக்கக் கூடாது, ஷாஃப்டும் சுத்திக்கிட்டே இருக்கணும். கூலன்ட் பக்கம் ஒரு மெக்கானிக்கல் சீல். வழவழன்னு ரெண்டு வளையம், ஒண்ணோட ஒண்ணை ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும். ஆயில் பக்கம் ஓர் ஆயில் சீல். உரசுற பொருள் ஒரு நாள் தேயும்னு வடிவமைச்சவங்களுக்கே தெரியும். அதனாலதான் ரெண்டு சீலுக்கும் நடுவுல ஓர் இடைவெளி விட்டு, அங்கிருந்து வெளியே ஓர் ஓட்டை போட்டாங்க. கூலன்ட் சொட்டினா மெக்கானிக்கல் சீல் போச்சு. ஆயில் சொட்டினா ஆயில் சீல் போச்சு. அதை அடைச்சா? கூலன்ட் வெளியே போக வழியில்லாம ஆயில்ல கலக்கும். ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறும். அதை ஊத்தி ஓட்டினா பேரிங் எல்லாம் காலி. ஐநூறு ரூபாய் வேலை இன்ஜின் வேலையாயிடும்.

ஞாயித்துக்கிழமை காலையில, இன்ஜின் நல்லா ஆறி இருக்கும்போது ஆரம்பிச்சேன். சூட்டுல ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கிறதால கூலன்ட் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கும், திறந்த உடனே முகத்துல பீச்சும். முதல்ல கூலன்டை வடிச்சேன். என் பைக்குல கிளட்ச் கவரையே கழட்டணும்கிறதால ஆயிலையும் வடிச்சேன். பழைய சீலைத் தட்டி எடுத்துப் பாத்தா, வளையத்துல நகத்துக்குத் தட்டுப்படற பள்ளம்.

புதுசைப் போடும்போது தப்பு பண்ணினேன். அவசரத்துல தட்டினதுல சாய்ஞ்சு இறங்கிடுச்சு. அது வீண். கையில இன்னொண்ணு இருந்ததால தப்பிச்சேன். ரெண்டாவது தடவை, சீலோட விளிம்புக்குச் சரியா உட்காருற சாக்கெட்டை வெச்சு, நேரா, மெதுவா இறக்கினேன். உரசுற பக்கத்துல விரல்கூடப் படாம. புது கேஸ்கெட், புது ஆயில், கலந்தே வர்ற கூலன்ட். எங்க வீட்டு போர் தண்ணியை ஊத்தினா ரேடியேட்டருக்குள்ள உப்பு படிஞ்சிடும். மூடியைத் திறந்தே வெச்சு இன்ஜினை ஓடவிட்டு, காத்துக் குமிழி நிக்கிற வரைக்கும் ஊத்தி நிரப்பினேன். பழைய கூலன்டைச் சாக்கடையில கொட்டல. பாட்டில்ல அடைச்சு, கழிவு ஆயில் வாங்குற ஒர்க்‌ஷாப்ல கொடுத்தேன்.

ஸ்காட் பம்ப்பே வேண்டாம்னு ஒதுங்கினார். பின்னாடி வந்தவங்க பம்ப்பை வெச்சாங்க, அது ஒழுகும்னு ஒத்துக்கிட்டு, ஒழுகினா நமக்குத் தெரியட்டும்னு ஓர் ஓட்டையும் வெச்சாங்க. அடைக்க மனசு வராததுக்குக் காரணம் அதுதான்.

மூணு வாரமாத் தரை காய்ஞ்சு இருக்கு. நாய் பழையபடி வந்து படுக்குது. உங்க பைக்குல ரேடியேட்டர் இருந்தா, நாளைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் குனிஞ்சு தரையைப் பாருங்க.