கினீசியோபோபியா: அசைவச்சம்

கினீசியோபோபியா என்னும் மருத்துவச் சொல், அசைவைக் குறிக்கும் 'கினேசிஸ்', அச்சத்தைக் குறிக்கும் 'போபோஸ்' ஆகிய இரு கிரேக்கச் சொற்களின் கூட்டாகும். இதைத் தமிழில் அசைவச்சம் எனலாம். ஓமர் காலக் கிரேக்கத்தில் போபோஸ் என்பது அஞ்சிப் புறங்காட்டி ஓடுவதையே பெரிதும் சுட்டியிருக்க, ஓட்டத்தைச் சுட்டிய அச்சொல் இன்று அசையாதிருத்தலுக்குப் பெயராகியிருப்பது சொல் வரலாற்றின் வேடிக்கை. 1990-இல் கோரி, மில்லர், டாட் ஆகிய மூவர் நாட்பட்ட வலியுடையோரைக் கருதி இச்சொல்லை வழங்கினர். இவ்வச்சத்தை அளக்கும் டாம்பா அளவுகோல் 17 கூற்றுகளைக் கொண்டது.

நாட்பட்ட வலியுடையோரிடம் தொடங்கிய இச்சொல், பிக் குழாய் பொருத்தப்பட்ட புற்றுநோயாளருக்கும் இப்போது வழங்குகிறது. பிக் என்பது மேற்கைச் சிரை, அதாவது இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் நாளம், வழியே செலுத்தப்பட்டு, நுனி இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரையில் நிற்குமாறு வைக்கப்படும் மெல்லிய குழாய். கீமோதெரபி மருந்து ஏற்றுவதற்காக வாரக்கணக்கில் உடலிலேயே இருக்கும் இக்குழாய் நழுவிவிடுமோ, இரத்தம் கசியுமோ என்றஞ்சி, தலைவாரவும் சட்டை மாட்டவும்கூட அக்கையை உயர்த்தாமல் மார்போடு அணைத்து வைத்திருப்போர் உண்டு. ஆயினும் அசையாத கையில் இரத்த ஓட்டம் மந்தப்பட்டு உறைகட்டி தோன்றும் வாய்ப்பு கூடுகிறது என்பதால், இவ்வச்சம் காப்பதைவிடக் கெடுப்பதே மிகுதி. எனவேதான், அக்கையால் பாரம் தூக்குவதை விலக்கும் செவிலியர், மென்பந்தை அழுத்தி விடும் பயிற்சியை விலக்காமல் கற்பிக்கின்றனர்.