பல்கலைக்கழகப் பேரவையும் அதன் உறுப்பினரும்

பல்கலைக்கழகத்தை ஆள்பவர் யாவர் என்னும் வினாவினும், அவரைத் தெரிபவர் யாவர் என்னும் வினாவே முதன்மையுடையது. இலங்கையின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1942ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தரானார். மன்றம், பேரவை, மூதவை என்னும் மூன்று அவைகள் அதனை நடத்தின. பேரவையில் தெரிவுசெய்யப்பட்டோரும் நியமிக்கப்பட்டோரும் ஒருங்கே அமர்ந்தனர். 1966ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய உயர்கல்விச் சபையை நிறுவியது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களை ஒன்றாக்கி, அமைச்சரின் அதிகாரத்தைப் பெருக்கியது.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் பேரவையை மீண்டும் அமைத்தது. துணைவேந்தர், பீடாதிபதிகள் முதலியோர் பதவிவழி உறுப்பினராவர். மூதவை தன்னுள் இருவரைத் தெரிகின்றது. இவ்விரு திறத்தாரின் தொகையினும் ஒருவர் கூடுதலாகப் புறத்தாரைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கின்றது. உள்ளிருப்போர் 11 பேராயின் புறத்தார் 12 பேராவர். அவ்வொருவரே துலாக்கோலின் நா. துணைவேந்தர் பதவிக்கு மூவர் பெயரை விதந்துரைப்பதும் இப்பேரவையே. ஆணைக்குழுவை நியமிப்பவரோ சனாதிபதி.

கல்வி, வணிகம், நிருவாகம் முதலிய துறைகளிற் சிறந்த தொண்டாற்றியோரையே நியமித்தல் வேண்டுமெனச் சட்டம் கூறும். அச்சிறப்பை அளப்போர் நடுநிலை பிறழின், சட்டத்தின் எழுத்து நிலைக்கும்; பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி நிலையாது.