வீட்டுச் சோப்பில் வண்ணச் சுழி

காய்ச்சாமல் செய்யும் சோப்பில் சுழி விழ, கலவையின் பதமே முக்கியம். 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 17 கிராம், செம்பனை எண்ணெய்க்கு 13 கிராம் காஸ்டிக் சோடா போதும். தராசில் நிறுத்தே எடுங்கள். சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி அவசியம். அலுமினியப் பாத்திரம் ஆகாது.

ஆறிய கரைசலை எண்ணெய்யில் கலக்கி, நீர்த்த தோசைமாவுப் பதத்திலேயே பிரித்து வண்ணம் சேருங்கள். மாறி மாறி அச்சில் ஊற்றிக் குச்சியால் ஒரிரு முறை மட்டும் இழுங்கள். செம்பனை எண்ணெய், சூடு, கிராம்பு எண்ணெய் கூடினால் கலவை விரைவில் இறுகி, சுழிக்குப் பதில் திட்டுகளே மிஞ்சும்.

4 முதல் 6 வாரம் உலரவிடுங்கள். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தீபாவளிச் சந்தைகளில் விற்பதானால், முதலில் சுகாதார அமைச்சின் என்.பி.ஆர்.ஏ.விடம் பதிய வேண்டும்.