பொருநை வெள்ளமும் தைல வண்ண ஓவியமும்

பொதிகையில் பிறந்து, ஆத்தூரை வளப்படுத்தி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் பொருநையாற்றைப் புலவர்கள் பாடிய அளவுக்கு ஓவியர்கள் தீட்டியதில்லை. எனினும், அதன் சீற்றத்தைத் தூரிகையால் பிடிக்க முயன்ற இருவரை வரலாறு நமக்குக் காட்டுகிறது.

ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்டுத் தெற்கே வந்தனர். அப்பயணத்தில் அவர்கள் கண்ட பாபநாச அருவி, பின்னர் இலண்டனில் செப்புத் தகட்டில் பொறிக்கப்பட்டு, வண்ணப் படமாக வெளிவந்தது. இந்தியக் காட்சிகள் 144 அடங்கிய அவர்களின் பெருந்தொகுப்பில் அதுவும் ஒன்று. தாமஸ் டேனியல் தம் தைல வண்ண ஓவியங்கள் பலவற்றையும் தாயகம் திரும்பிய பின், இங்கு வரைந்து சென்ற கோட்டுப் படங்களைக் கொண்டே தீட்டினார்.

காரணம் எளிது. ஓடும் நீர் ஓவியனுக்காக நிற்பதில்லை. தைல வண்ணமோ உலர நாள்கள் பல கேட்கும். ஆனால் அத்தாமதமே அதன் வலிமையும் ஆகும். முதலில் இருண்ட பாறையும் கருமுகிலும்; அவற்றின் மேல் மெல்லிய பூச்சாக நீரின் ஆழம்; ஈரம் காயுமுன் குழைத்து மங்கலாக்கிய நீர்த்திவலை; இறுதியில் தடித்த வெண்மையாக நுரை. இவ்வாறுதான் அசையாத துணியில் வெள்ளம் அசையத் தொடங்குகிறது.

புயல்கால நீரை நீலமாகத் தீட்டுபவன் அதைக் கண்டவன் அல்லன். அது மண்ணின் நிறம். அந்த மண்தான் நம் கரையின் வரலாற்றை எழுதியது. கடல்துறையாக விளங்கிய கொற்கையை வண்டல் தூர்த்து, கடலைக் கிழக்கே தள்ளியது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோபோலோ புகழ்ந்த காயல் துறைக்கும் பின்னாளில் அதே கதி நேர்ந்தது.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆத்தூர் வட்டாரத்தில் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் நீரில் மூழ்கின. பொருநையின் தலைமாட்டை அயலார் தீட்டி வைத்தனர். அதன் கால்மாட்டில் வாழும் நாம் என்ன பதிந்து வைத்தோம்? சுவரில் வெள்ளம் விட்டுச்சென்ற கோடு அடுத்த சுண்ணாம்புப் பூச்சில் மறைந்துவிடும். வரையத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், கண்டவர் சொல்லக் கேட்டு அந்நீரை வரையட்டும். ஓவியத்தின் மூலையில் ஊரும் நாளும் எழுதட்டும். நாளைய வரலாற்றாசிரியனுக்கு அதுவே சான்று.