வலைக்காரர் திடல்: பிரைட்டன் நகரில் ஊர்க்காரர்களும் கடற்கரையும்

இங்கிலாந்தின் தென்கரையில், லண்டனுக்கு நேர் தெற்கே இருக்கும் பிரைட்டன் நகரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1783ஆம் ஆண்டில் தொடங்குவார்கள். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் முதன்முறையாக அங்கே வந்தது அந்த ஆண்டில்தான். இளவரசரைத் தொடர்ந்து அரண்மனை வந்தது, அரண்மனையைத் தொடர்ந்து பிரபுக்கள் வந்தார்கள், மீனவர் ஊர் நாகரிக நகரமாயிற்று என்று கதை போகும். முழுக்கத் தவறான கதை என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் ஊர்க்காரர்கள் இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டவர், துணி வெளுத்தவர், வந்தவரைக் கடலில் முக்கி எடுத்தவர், மலக்குழியை ஒட்டிய ஒண்டுக்குடித்தனத்தில் பிள்ளை வளர்த்தவர் ஆகியோரை வைத்துப் பார்த்தால் அதே வரலாறு வேறு மாதிரி தெரிகிறது. கடலை நம்பிப் பிழைத்த ஊர், வந்துபோகிறவர்களை நம்பிப் பிழைக்கும் ஊராக எப்படி மாறியது, அந்த மாற்றத்தில் கரை மண் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

பழைய பதிவுகளில் இந்த ஊர் மீனாலேயே அறியப்படுகிறது. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப்பதிவேட்டில் இங்கிருந்த பண்ணைகளில் ஒன்று கட்ட வேண்டிய வரி 4,000 ஹெர்ரிங் மீன்கள். 1514இல் பிரெஞ்சுப் படை ஊரைக் கொளுத்தியது. மேட்டில் இருந்த புனித நிக்கோலஸ் தேவாலயம் தப்பியது. மீனவர்களுக்கும் நிலத்தை நம்பி வாழ்ந்தவர்களுக்கும் பொதுச் செலவில் யார் எவ்வளவு கொடுப்பது என்ற தகராறு முற்றி, 1580இல் ஊர் வழக்கங்கள் எழுத்தில் பதிவாயின. அந்த ஏற்பாட்டின்படி ஊர் நிர்வாகத்துக்குத் துணைநின்ற பன்னிருவர் குழுவில் எட்டுப் பேர் மீனவர், நான்கு பேர் நிலத்துக்காரர். ஒவ்வொரு படகின் வரும்படியிலிருந்தும் தேவாலயத்துக்கும் ஊர்க்காவலுக்கும் ஒரு பங்கு போனது. பாடு பார்த்துப் பங்கு பிரிக்கும் எந்தக் கடற்கரைக்கும் இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. பிரைட்டன் மீனவர்கள் இலையுதிர் காலத்தில் கிழக்குக் கரையின் யார்மவுத் வரை ஹெர்ரிங் பிடிக்கப் போய்வந்தார்கள். ஊரை நடத்தியவர்கள் அவர்கள்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் அவர்கள் இழந்ததில் வருமானம் ஒரு பகுதி மட்டுமே.

முதல் அடி கடலிடமிருந்தே விழுந்தது. பாறைச்சரிவுக்குக் கீழே, கரையை ஒட்டியிருந்த கீழூரை 1703, 1705ஆம் ஆண்டுப் புயல்கள் அழித்தன. எஞ்சியது மேலூர். அங்கே வீடுகள் கடலுக்கு முதுகு காட்டி நின்றன. உப்புக் காற்றை நாளெல்லாம் கடலில் வாங்குகிறவனுக்கு வீட்டுக்குள்ளும் அது வேண்டியதில்லை. கடலைப் பார்த்தபடி ஜன்னல் வைப்பது, 18ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் கட்டத் தொடங்கிய ராயல் கிரசென்ட் போன்ற வரிசை வீடுகளோடு வந்த புதுப் பழக்கம். கடல் ஒரு காட்சியாக மாறியது அப்போதுதான்.

அதற்கு முன் அது மருந்தாக மாறியிருந்தது. பக்கத்து ஊரான லூயிஸைச் சேர்ந்த மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீர் நல்லது என்று 1750இல் லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். குளிப்பதோடு குடிக்கவும் சொன்னார். சில ஆண்டுகளில் ஊரை ஒட்டிய ஸ்டீன் என்ற புல்வெளித் திடலின் தென்முனையில் பெரிய வீடு கட்டிக்கொண்டு பிரைட்டனிலேயே தங்கிவிட்டார். இளவரசரின் வருகைக்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. அதற்குள் நோயாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள், ஊர்க்காரர்கள் அறைகளை வாடகைக்கு விடவும் பழகிவிட்டார்கள். வருமானம் தேய்ந்துகொண்டிருந்த ஒரு மீனவர் ஊர் தன் வயிற்றுப்பாட்டுக்குக் கண்டுபிடித்த வழி இது. இளவரசர் ஏற்கெனவே ஓடத் தொடங்கிய வண்டியில் ஏறிக்கொண்டவர் என்பதே என் முடிபு.

கடல்நீர் சிகிச்சைக்கு ஆள் தேவைப்பட்டது. நான்கு சக்கரம் வைத்த மரக்கூண்டு ஒன்றைக் குதிரை தண்ணீருக்குள் இழுத்துப்போகும். உள்ளே இருட்டில் உடை மாற்றிக்கொண்டு நோயாளி படியில் இறங்குவார். கீழே இடுப்பளவு நீரில், கனத்த ஆடை அணிந்த ஒரு பெண் நின்றிருப்பார். தோளைப் பற்றி, அலை வரும் நேரம் பார்த்து, ஒரே அமுக்காக முக்கித் தூக்குவார். பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள். பெண்களுக்கு ‘டிப்பர்’ என்றும் ஆண்களுக்கு ‘பேதர்’ என்றும் பெயர். காலையில் தண்ணீர் மிகக் குளிர்ந்திருக்கும்போதே குளியல் தொடங்கும் என்பதால், இவர்கள் விடிந்ததிலிருந்து மணிக்கணக்கில் அந்தக் குளிரில் நிற்க வேண்டும். அலையின் போக்கும், கால்வைக்கும் கூழாங்கல்லின் நிலையும் தெரிந்தவர்களால்தான் இது முடியும். மீனவர் குடும்பங்களுக்குத் தெரிந்த கடலறிவு இங்கே வேறொரு கூலிக்கு விலைபோனது.

இவர்களில் பெயர் பெற்றவர் மார்த்தா கன். 1726இல் பிறந்து, 1815இல் இறந்தவர். ஓவியர்கள் அவரை வரைந்தார்கள். அரண்மனைச் சமையலறை வரை அவர் தடையின்றிப் போய்வந்தார் என்றும், அங்கே அவர் ஆடைக்குள் ஒளித்துவைத்த வெண்ணெய் உருகும்வரை இளவரசர் வேண்டுமென்றே அவரை அடுப்பருகே நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார் என்றும் ஒரு கதை உண்டு. நடந்ததா இல்லையா என்பதைவிட, ஊர் இந்தக் கதையை ஏன் விடாமல் சொல்லிவந்தது என்பது முக்கியம். அரசகுலமும் உழைக்கும் பெண்ணும் பேசிக்கொள்ளும் அளவு நெருங்கியிருந்த ஒரு காலத்தை ஊர் தன் நினைவில் வைத்துக்கொள்ள விரும்பியது. எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்த அந்தப் பெண்ணின் கல்லறை புனித நிக்கோலஸ் தேவாலயத்தில் இருக்கிறது.

வந்தவர்களின் அன்றாடத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. 1767 முதல் வில்லியம் வேட் என்பவர் விழாத் தலைவராக இருந்து, யாரை யாருக்கு அறிமுகம் செய்வது, எந்த விடுதியில் என்றைக்கு நடனம் என்பதையெல்லாம் முறைப்படுத்தினார். புதிதாக வந்தவர் ஸ்டீன் திடலோரத்துச் சந்தா நூலகத்தின் பதிவேட்டில் பெயர் எழுதினால்தான் அவர் வந்த சேதி பரவும். படித்தார்களோ இல்லையோ, சந்தா கட்டினார்கள்.

ஸ்டீன் திடலை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஊருக்குக் கிழக்கே, ஓடை ஒன்று கடலைச் சேரும் தாழ்வான புல்வெளி அது. மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வலை உலர்த்தினார்கள், கிழிந்ததை முடிந்தார்கள், குளிர்காலத்தில் படகுகளை ஏற்றி நிறுத்தினார்கள். சணலிலும் நூலிலும் செய்த வலையை நன்கு காயவைக்காவிட்டால் மக்கிப்போகும். ஆகவே விரித்துப் போடும் இடமும் படகைப் போலவே ஒரு தொழிற்கருவி. வந்தவர்களுக்கோ அது மாலை உலாவும் இடம். பட்டுப் பாவாடை வலைக்கண்ணில் சிக்கியது, காலில் வலை தடுக்கியது, மீன் நாற்றம் பிடிக்கவில்லை. 1793இல் இளவரசரும் மார்ல்பரோ பிரபுவும் செலவேற்று ஓடையை மூடிய வாய்க்காலாக்கித் திடலை உலரவைத்தார்கள். வேலிகள் வந்தன, நடைபாதைகள் வந்தன, வலைகள் வெளியேறின. 1822இல் கரையோரமாக கிங்ஸ் சாலை திறக்கப்பட்டது. வண்டிகள் கடலை ஒட்டியே ஓடின. வழக்க உரிமை, செலவழிக்கத் தயாராக இருக்கும் அழகுணர்ச்சியின் முன் நிற்பதில்லை. பன்னிருவரில் எண்மராக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் திடலில் அத்துமீறியவர்களாக நடத்தப்பட்டார்கள். இது அநியாயம் என்று எழுத ஓர் ஆய்வாளர் தயங்க வேண்டியதில்லை.

கரையில் உழைப்பு அதோடு நின்றுவிடவில்லை. துறைமுகம் இல்லாததால் நிலக்கரிக் கப்பல்கள் கூழாங்கல் கரையில் நேராக ஏறி நின்று சரக்கை இறக்கின. 1773ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நிலக்கரி மேல் வசூலித்த தீர்வையிலிருந்துதான் கடலரிப்பைத் தடுக்கும் தடுப்புகள் கட்டப்பட்டன. அதாவது, அடுப்பெரித்த ஒவ்வொரு குடித்தனமும் கரையைக் காக்கப் பணம் கொடுத்தது. நோயுற்ற மனைவிக்காக 1824இல் வந்து தங்கிய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் நாகரிகக் கூட்டத்தை வெறுத்தார். அவர் விரும்பி வரைந்தவற்றில் அந்த நிலக்கரிக் கப்பல்களும் மீன்பிடி படகுகளும் உண்டு.

வெளியூரிலிருந்து வந்து ஊர்க்காரரானவர்களில் நம் கவனத்துக்குரியவர் சேக் டீன் முகமது. 1759இல் பாட்னாவில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு திரிந்து, அயர்லாந்தில் குடியேறி, 1794இல் ஆங்கிலத்தில் பயண நூல் வெளியிட்டவர். 1810இல் லண்டனில் அவர் தொடங்கிய இந்திய உணவகம் நொடித்துப்போனது. 1814இல் மனைவி ஜேனுடன் பிரைட்டனுக்கு வந்து மூலிகை நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் தொடங்கினார். ஃபிளானல் துணிக் கூடாரத்துக்குள் நோயாளி வேர்த்திருக்க, பிடித்துவிடுபவர் கூடாரத்தில் தைத்த துணிக் கைகள் வழியாகக் கைவிட்டு வேலை செய்வார். குணமடைந்தவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்களைச் சுவரில் மாட்டிவைத்திருந்தார். நான்காம் ஜார்ஜுக்கும் நான்காம் வில்லியமுக்கும் அவர் பணிசெய்தார். 1851இல் இறந்த அவரும், மார்த்தா கன் இருக்கும் அதே தேவாலய வளாகத்தில்தான் அடக்கமானார். உடலால் உடலுக்குப் பணிசெய்து பிழைத்த இருவர் அவர்கள்.

1801இல் ஊரின் மக்கள்தொகை 7,339. 1831இல் 40,634. முப்பது ஆண்டில் ஐந்து மடங்குக்கு மேல். வந்து குவிந்தவர்களில் பெரும்பாலோர் வேலை தேடி வந்த கட்டடத் தொழிலாளர், வீட்டு வேலைக்காரர், சலவைப் பெண்கள். ஜான் நாஷ் அரண்மனைக்கு வெங்காயக் கும்மட்டங்களை எழுப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதற்குச் சற்றுத் தள்ளி இவர்களுக்கான சந்துகள் முளைத்தன. மட்டமான செங்கல், கடல்மணல் கலந்த சாந்து. உப்பு ஈரத்தை இழுப்பதால் சுவரில் எப்போதும் ஓதம். சுண்ணாம்புப் பாறையில் வெட்டிய மலக்குழிகள் கசிந்து கிணற்றை எட்டின. 1849இல் பொதுச் சுகாதார வாரியத்துக்காக எட்வர்ட் கிரெசி கொடுத்த அறிக்கை பிம்லிகோ போன்ற சந்துகளின் நிலையை அம்பலப்படுத்தியது. உடல்நலத்தை விற்ற ஊரின் சொந்த மக்களுக்கு உடல்நலம் கிடைக்கவில்லை. இந்த நிலையை வெளியே பேசினால் பருவ வருமானம் போகும் என்ற பயம் சீர்திருத்தத்தைத் தள்ளிப்போட்டது. கழிவை ஊருக்குக் கிழக்கே நெடுந்தூரம் கொண்டுபோய்க் கடலில் விடும் பெருங்கால்வாய் 1874இல்தான் முடிந்தது.

1841இல் லண்டனிலிருந்து ரயில் வந்தது. கூட்டம் தன்னை மொய்ப்பது விக்டோரியா அரசிக்குப் பிடிக்கவில்லை. 1845க்குப் பிறகு அவர் அங்கே தங்கவில்லை, 1850இல் ஊரே அரண்மனையை வாங்கிக்கொண்டது. கோடை சாதாரண மக்களுடையதாக, வசதியானவர்கள் தங்கள் பருவத்தை இலையுதிர் காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் மாற்றிக்கொண்டார்கள். விடுதி நடத்தியவர்களுக்கு இது நன்மை. ஆண்டில் சில மாதமே இருந்த வருமானம் நீண்டது. நிலையத்தை ஒட்டிய ரயில் எஞ்சின் பட்டறை 1852 முதல் எஞ்சின்களைச் செய்தது; விருந்தினரை நம்பாத ஒரு தொழிலாளர் வர்க்கத்தை ஊருக்குத் தந்தது அதுதான்.

முதல் உலகப் போரில் அரண்மனை காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனையாயிற்று. 1914 இறுதியிலிருந்து 1916 தொடக்கம்வரை அங்கே மத, சாதி வேறுபாடுகளுக்கேற்ப ஒன்பது சமையற்கூடங்கள் இயங்கின. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தண்ணீர்க் குழாய்கள் தனித்தனி. இடம் போதாமல் மேட்டிலிருந்த ஏழையர் விடுதியும் கிச்சனர் மருத்துவமனையாக மாற்றப்பட்டது. அங்கே இருந்த ஏழைகள் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேர் தகனமான மேய்ச்சல் குன்றில் 1921இல் சத்ரி நினைவு மண்டபம் திறக்கப்பட்டது.

போருக்குப் பிறகு நகராட்சி சந்துகளைப் பெருமளவில் இடித்தது. கார்ல்டன் ஹில் பகுதியின் குடும்பங்கள் கரையிலிருந்து உள்ளே தள்ளிய பள்ளத்தாக்குகளில், 1920களில் மூல்ஸ்கூம், பிறகு வைட்ஹாக் என்று எழுந்த குடியிருப்புகளுக்குப் போயின. தோட்டமும் கழிப்பறையும் உள்ள வீடு கிடைத்தது உண்மையான முன்னேற்றம். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கூடவே, கடற்கரையில் வேலைபார்ப்பவர் கடற்கரையிலிருந்து தள்ளிக் குடியிருக்கும் ஏற்பாடும் நிரந்தரமானது. கரையில் நடந்துவந்த மீன்சந்தை 1960இல் ஊருக்குள் மாற்றப்பட்டது. பின்னர் மீன்பிடி படகுகளும் கிழக்கே கட்டப்பட்ட மரினா படகுத்துறைக்குப் போயின. கரையில் மீனவர்களுக்கென்று எஞ்சியிருப்பது சாலைக்கு அடியிலுள்ள வளைவறைகளில் 1994இல் திறந்த அருங்காட்சியகம்.