நாற்பது ஏக்கர் பால்மரக்காடு

முதலாளி செட்டிநாட்டில். ரப்பர் தோட்டம் மலாயாவில். நடுவில் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏஜென்ட். தோட்டத்தை வருடக்கணக்கில் நேரில் பார்க்காத முதலாளி அதன் பணத்தை எப்படிக் கட்டிக் காத்தார்? ஏஜென்ட் கை வைக்காமலிருக்க அவரிடம் என்ன பிடி இருந்தது? இந்தக் கேள்விகளோடுதான் தேடலைத் தொடங்கினேன். மதுரையில் உட்கார்ந்து இதைத் தேடுவதில் நியாயம் உண்டு. 1910இல் ராமநாதபுரம் ஜில்லா பிரியும்வரை செட்டிநாட்டின் பெரும்பகுதி மதுரை ஜில்லாவுக்குள்தான் இருந்தது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தேக்குக் கதவுக்கும் பீங்கான் தூக்குக்கும் வருகிறவர்கள் அதிகம். மூலையில் கிடக்கும் கணக்கு நோட்டுகளைக் கேட்பவர்கள் குறைவு. அங்கே வாங்கிய ஒரு பேரேடுதான் என் முதல் தடயம். அதில் உள்ள விலாசத்துக்கு, அதாவது தொழில் பெயருக்கு, உரிய குடும்பம் இன்றும் இருப்பதால் பெயரைச் சொல்லப் போவதில்லை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘சிவமயம்’. பிறகு முழுக்கத் தமிழ் எண்கள். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனி எழுத்து. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. ‘தோட்டக் கணக்கு’ என்று தலைப்பிட்ட பக்கத்தில் பால்வெட்டுக் கூலி, ஆசிட், கிராணி (எழுத்தர்) சம்பளம், தண்டலுக்கு (மேஸ்திரிக்கு) முன்பணம் என்று வரிசையாக வெள்ளிக் கணக்கு. மலாயாத் தமிழர் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். பால்வெட்டியவர்கள் யாருடைய பெயரும் அந்தப் பக்கத்தில் இல்லை. கூலித்தொகை மட்டும் ஒரே வரியில் இருக்கிறது. அதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை; ஆனால் அது தனியாகத் தேட வேண்டிய விஷயம்.

இந்தப் பேரேட்டுக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு கறாரானது. ஏஜென்ட் பொதுவாக மூன்று வருடத்துக்குப் போவார். புறப்படுமுன் சம்பளச் சிட்டை எழுதிக் கையெழுத்தாகும். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குப் போய்விடும். மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பார்கள். மலாயாவில் கடன் கொடுக்க, வாங்க, வழக்காட அவர் கையில் ஒரு பவர் பத்திரம். முதலாளி போட்ட முதல்பணம் ஒரு கணக்கு, லாபத்தில் சேர்ந்த மேம்பணம் ஒரு கணக்கு, உறவினர் கொடுத்து வைத்த தனமுறைப் பணம் இன்னொரு கணக்கு. ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கு எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். தவணை முடிந்ததும் அடுத்த ஏஜென்டிடம் பெட்டியையும் பேரேட்டையும் ஒப்படைத்துவிட்டு, ஊருக்கு வந்து கணக்குத் தீர்க்க வேண்டும். கணக்கு நன்றாக நின்றால் லாபத்தில் ஒரு பங்கு வெகுமதி. கணக்கில் பிசகினால் அடுத்த விலாசத்தில் வேலை கிடைக்காது. கல்யாணப் பேச்சுவரை அது எதிரொலிக்கும். நீதிமன்றத்தைவிட இந்தப் பிடிதான் பலமானது என்பது என் எண்ணம்.

அப்படியும் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள். ரங்கூன், கொழும்பு, மலாயா தீர்ப்புத் தொகுதிகளில் செட்டியார் வழக்குகள் ஏராளம். ஆனால் தடம் பிடிப்பது கடினம். பெயருக்கு முன் நான்கைந்து முதலெழுத்துகள் நிற்கும். அதே முதலெழுத்துகள் சில வருடம் கழித்து வேறொரு பெயரோடு நிற்கும். தேவகோட்டையில் ஒரு பெரியவர்தான் முடிச்சை அவிழ்த்தார். அவருடைய அப்பச்சி மலாயாவில் ஏஜென்டாக இருந்தவர். “தம்பி, ஆளத் தேடாதீக, விலாசத்தத் தேடுங்க” என்றார். முதலெழுத்து வரிசை ஏஜென்டின் பரம்பரையைச் சொல்வதில்லை. அது முதலாளியின் விலாசம். ஆள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுவார், விலாசம் மாறாது. வழக்கில் நிற்பவர் ஏஜென்ட், பணம் ஊரில் இருப்பவருடையது. அதன்பின் தொகுதிகள் வேறு மாதிரிப் படிக்கக் கிடைத்தன.

படிக்கப் படிக்க 1930ஐ ஒட்டிய வழக்குகளில் ஒரு மாற்றம் தெரிந்தது. அதுவரை வட்டியும் உண்டியலும் பேசியவர்கள் நிலம் பேசத் தொடங்குகிறார்கள். பர்மாவில் நெல் விலை விழுந்தது, கடனாளிகளால் திருப்பித் தர முடியவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது; 1938இல் அது 25 சதவீதம். மலாயாவிலும் ரப்பர் தோட்டங்கள் இப்படிக் கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்தன. லேவாதேவிக் கணக்குக்குப் பழகிய விலாசங்களுக்கு, நிலத்தை யார் பெயரில் எழுதுவது என்ற கேள்வி வந்தது.

அந்தக் கேள்விக்கு விடை ஒரு வக்கீல் நண்பரின் அலமாரியில் கிடைத்தது. மலாயா வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலின் 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பு. சட்டப் புத்தகங்களில் அதன் பெயர் ‘செட்டியார் எதிர் செட்டியார்’. அந்த இரண்டு செட்டியார்களும் அப்பாவும் மகனும்தான்.

மலாயாவில் அப்பாவுக்கு 99 ஏக்கர் ரப்பர் இருந்தது. 1934இல் இன்னும் 40 ஏக்கர் சேர்ந்தது. சேர்ந்த நேரம்தான் சிக்கல். ரப்பர் விலை 1932இல் லண்டனில் ராத்தல் 2 பென்சுக்கும் கீழே போயிருந்தது. விலையைத் தூக்கி நிறுத்த, பிரிட்டனும் ஹாலந்தும் பிரான்சும் சயாமும் 1934 மே 7இல் உற்பத்திக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் போட்டன. ஜூன் 1 முதல் அமல். மலாயாவில் 100 ஏக்கர் ஒரு கோடு. அதைத் தாண்டிய தோட்டத்துக்கு எவ்வளவு ரப்பர் அனுமதி என்பதைத் தனிக் குழு கணக்கிடும். கோட்டுக்குள் இருந்தால் சிறுதோட்டம், அதற்கு வேறு நடைமுறை. 99உம் 40உம் சேர்ந்தால் 139. அதனால் 40 ஏக்கரை மகனுக்கு விற்றதாகப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தார் அப்பா. பணம் கைமாறவில்லை. வருமானம் அப்பாவுக்கே போனது. பல வருடம் கழித்து அதை விற்க நினைத்தபோது மகன் இணங்கவில்லை. நிலம் என் பெயரில் இருக்கிறது, என்னுடையது என்றார்.

டென்னிங் பிரபு எழுதிய தீர்ப்பு மகன் பக்கம் நின்றது. ஆங்கிலச் சட்டப்படி அப்பா மகன் பெயரில் சொத்து எழுதினால் அது கொடை என்றே முதலில் கொள்ளப்படும். கொடை இல்லை என்று காட்ட வேண்டுமானால், ஏன் எழுதினேன் என்று அப்பா சொல்லியாக வேண்டும். சொன்னால், அதிகாரிகளை ஏமாற்றத்தான் என்று வெளிப்படும். தன் ஏமாற்றையே ஆதாரமாகக் காட்டுகிறவருக்கு நீதிமன்றம் உதவாது. 40 ஏக்கரும் போயிற்று.

இந்தத் தீர்ப்பை நான் என் பேரேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். மகனுக்குப் பதில் ஏஜென்ட் பெயரில் எழுதியிருந்தால்? சட்டத்தின் பார்வையில் ஏஜென்ட் முதலாளிக்கு அந்நியர். விலை தராத அந்நியர் பெயரில் சொத்து இருந்தால், உண்மை உடைமை பணம் போட்டவருக்கே என்று அதே ஆங்கிலச் சட்டம் கொள்ளும். முதலாளி காரணம் சொல்லவே தேவை வந்திருக்காது. இந்த வேறுபாட்டை 1993இல், அப்போது பிரிட்டனின் இறுதி நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையே ஒரு வழக்கில் ஏற்றது. 2016இல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த வழியைக் கைவிட்டது. ஏஜென்ட் மேல் சம்பளச் சிட்டை இருந்தது, பவர் பத்திரம் இருந்தது, ஐந்தொகை இருந்தது. மகன் மேல் எந்தத் தாளும் இல்லை. அத்தனை காகிதக் காவலும் போட்டு வளர்ந்த ஒரு சமூகத்தில், அதிகம் நம்பிய இடத்தில் மட்டும் காகிதம் இல்லாமல் போனது.

இன்னும் ஒன்று, இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அந்த நிலம் மலாயாவில் இல்லாமல் மேலூரிலோ திருமங்கலத்திலோ இருந்திருந்தால் வழக்கின் தொடக்கமே வேறு. இந்தியாவில் அப்பா மகன் பெயரில் வாங்கும் சொத்து கொடையாகாது, பெனாமி என்றே முதலில் கொள்ள வேண்டும் என்று அதே பிரிவி கவுன்சில் 1854இலேயே சொல்லிவிட்டது. கூட்டுக்குடும்ப வழக்கத்தை அறிந்து சொன்ன தீர்ப்பு அது. அதிகாரிகளை ஏமாற்றிய தடை இங்கேயும் குறுக்கே வந்திருக்கலாம். ஆனால் காரணத்தை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் அப்பாவுக்கு இருந்திருக்காது. ஊர் வழக்கம் கப்பலேறிப் போனது, ஊர்ச் சட்டம் கூடப் போகவில்லை. இந்தியாவில் பெனாமிக்குத் தடை வந்தது 1988இல். அதற்குள் அந்த 40 ஏக்கருக்குத் தீர்ப்பு வந்து 26 வருடம் ஆகியிருந்தது.