கை பழகிய நகரம்

சென்னையின் தொழில் வளர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துறைமுகத்திலிருந்து தொடங்குவார்கள். பிறகு சாலை, மின்சாரம், அரசு கொடுத்த நிலம், வரிச்சலுகை என்று போவார்கள். அத்தனையும் உண்மைதான். ஆனால் துறைமுகமும் நிலமும் உள்ள ஊர்கள் இந்தியக் கரை நெடுகிலும் இருக்கின்றன. 1996 மே மாதம் தொடங்கப்பட்ட ஹூண்டாயின் இந்திய நிறுவனம், 1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோவைச் சந்தைக்கு அனுப்பிவிட்டது. ஊருக்குப் புதிதாக வந்த கம்பெனி அவ்வளவு விரைவில் கார் செய்து விற்றதென்றால், பிரேக்கும் சக்கரமும் செய்யத் தெரிந்தவர்கள் பாடியிலும் அம்பத்தூரிலும் ஒரு தலைமுறைக்கு முன்பிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அந்தக் கைகள் தாமாகப் பழகிவிடவில்லை. யாரோ கற்றுக்கொடுத்தார்கள், பல இடங்களில் தொழிற்சாலையே கற்றுக்கொடுத்தது. இந்நகரத்தின் பொருளாதார வரலாற்றை அந்தக் கற்பித்தலின் வரலாறாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பெயர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த இவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூர் கலைப் பள்ளியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அலுமினியம் அப்போது இந்தியாவுக்குப் புதிய உலோகம். அதைத் தகடாக வரவழைத்து, உலோக வேலை தெரிந்த கைவினைஞர்களைக் கொண்டு பாத்திரங்கள் செய்யவைத்தார். செய்ததை அலமாரியில் காட்சிக்கு வைக்கவில்லை, விற்றார். விற்பனை பெருகியது, பள்ளிக்குள் பிறந்த வேலை தனியார் தொழிலாக வளர்ந்து வெளியே போனது. குரோம் முறையில் தோல் பதனிடுவதையும் இதே வழியில் சோதித்தார். சென்னைக்குத் தெற்கே குரோம்பேட்டை என்று ஓர் ஊர் இருப்பதற்கு, பின்னர் அங்கே வந்த குரோம் தோல் ஆலையே காரணம்.

1908இல் உதகையில் கூடிய தொழில் மாநாட்டுக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் தொழில்துறை என்று தனியாக ஒரு துறையே உருவானது. ஐரோப்பிய வணிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. அரசு தங்களோடு போட்டி போடுகிறது என்று முறையிட்டார்கள். இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் ஜான் மார்லி 1910இல் அனுப்பிய ஆணை அத்துறையை முடக்கியது. தொழிற்கல்விக்கு அரசுப் பணத்தைச் செலவிடலாம், ஆனால் அரசே தொழில் நடத்திக்காட்டுவது கூடாது என்பது அந்த ஆணையின் சாரம். சில ஆண்டுகளில் துறைக்கு மீண்டும் உயிர் வந்தது. ஆனால் வகுப்பறை ஒரு பக்கம், பட்டறை இன்னொரு பக்கம் என்று பிரித்த அந்தப் பார்வை நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் நிர்வாகத்தில் தங்கிவிட்டது. தொழிற்கல்வி ஒரு துறையிலும் தொழில் இன்னொரு துறையிலும் வேலைவாய்ப்பு மூன்றாவதிலும் கிடந்து ஒன்றையொன்று பார்க்காமல் இருப்பதை அரசு அலுவலகம் போய்வந்த எவரும் அறிவார்.

1916இல் தொடங்கிய சென்னைத் தொழிற்பள்ளி, பிற்காலத்தில் தரமணியின் மத்திய பாலிடெக்னிக்காக வளர்ந்தது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள் தம் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தின, குடியிருப்புகளும் கட்டின. மக்கள் பி அண்ட் சி மில் என்றோ பின்னி மில் என்றோ சொல்லிவந்த அதே ஆலையின் தொழிலாளர்கள்தான், 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றார்; செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அடித்தளமிட்டவர்கள். மதிய உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று. வேலை கற்றவன் தன் நேரத்தின் மதிப்பையும் கற்றுக்கொள்கிறான். தொழிலாளர் திறன் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச முடியாது; பின்னால் சுங்குவார்சத்திரத்துக்கு வரும்போது இது மறுபடி நம் முன் நிற்கும்.

விடுதலைக்குப் பிறகு வந்தவற்றுள் ஐ.சி.எஃப்பை நான் முதலில் வைப்பேன். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த அந்த ரயில் பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தில் தொடங்கியது. முதலில் பெட்டியின் கூடு மட்டுமே இங்கே செய்யப்பட்டது. இருக்கை, விளக்கு, கதவு என்று உள்ளலங்காரம் செய்யும் பிரிவு 1962இல் வந்தது. தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி மையம் இருந்தது. ஃபிட்டர், வெல்டர், தச்சர், பெயிண்டர், எலக்ட்ரிஷியன் என்று பள்ளி முடித்த பிள்ளைகள் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார்கள். வில்லிவாக்கம், அயனாவரம், பெரம்பூர்ப் பக்கம் ‘அப்ரண்டிஸ் முடிச்சவன்’ என்று சொன்னாலே பெண் வீட்டார் மரியாதையோடு கேட்பார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2018 அக்டோபரில், ‘டிரெயின் 18’ இதே வளாகத்திலிருந்து வெளிவந்தது. பிறகு ‘வந்தே பாரத்’ என்று பெயர் பெற்றது இந்த ரயில்தான். வடிவமைப்பிலிருந்து ஓட்டம் வரை சுமார் 18 மாதங்கள். அந்தப் பெருமை அதை வடிவமைத்த பொறியாளர்களுக்கு எவ்வளவு உண்டோ, அவ்வளவு ஒரு தலைமுறை வெல்டர் அடுத்த தலைமுறை வெல்டருக்கு மாற்றிக்கொடுத்த கைப்பக்குவத்துக்கும் உண்டு.

அதே காலத்தில் தனியார் பக்கமும் வளர்ந்தது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948இல் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்டாக மாறியது. திருவொற்றியூரில் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள். 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை, அடுத்த பத்தாண்டில் அம்பத்தூர் எஸ்டேட். பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகள் ஒன்றையடுத்து ஒன்றாக எழுந்தன. அவற்றுள் ஒன்றான சுந்தரம் கிளேட்டன் 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது.

அம்பத்தூர் எஸ்டேட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெரிய ஆலை ஒன்றில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர் அங்கேயே டூல் ரூமில் பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்ப்பார். பிறகு ஒரு பழைய லேத்தை வாங்கிப்போட்டு, தான் வேலை பார்த்த ஆலைக்கே உதிரிபாகம் செய்துகொடுப்பார். இரண்டு பையன்களை வேலைக்கு வைப்பார். அந்தப் பையன்களில் ஒருவர் பின்னொரு நாள் தனியாகப் பட்டறை போடுவார். பொருளாதார நூல்கள் ‘தொழில் கொத்து’ என்று எழுதுவது நடைமுறையில் இதுதான். விதை நெல்லை எடுத்துவைக்கிற வீட்டில் அடுத்த பட்டத்துக்குக் கடன் வாங்க வேண்டியிராது என்பது போல, அந்த ஆலைகள் தமக்குத் தேவையானவர்களைவிடச் சற்று அதிகமாகவே பழக்கிவிட்டன. மிஞ்சியவர்களால் நகரம் வளர்ந்தது. 1961இன் அப்ரண்டிஸ் சட்டமும் இதற்கு முதுகெலும்பாக இருந்தது.

இந்தத் தொடர்ச்சி ஸ்ரீபெரும்புதூரில் அறுந்தது. தகவல் தொழில்நுட்பத்தை இங்கே விரித்துப் பேசவில்லை. 2000 ஜூலையில் திறக்கப்பட்ட டைடல் பார்க்கும் அதன்பின் பழைய மாமல்லபுரம் சாலையில் எழுந்த அலுவலகங்களும் பொறியியல் கல்லூரிகளின் கதை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். என் அக்கறை பன்னிரண்டாம் வகுப்போடு வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள் மேல்.

நோக்கியா 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டக் கிராமங்களிலிருந்து பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கம்பெனி பஸ் ஏறினார்கள். பல வீடுகளில் மாதச் சம்பளம் என்று வந்தது அதுதான் முதல் முறை. தங்கையின் கல்லூரிக் கட்டணம், ஓட்டு வீட்டுக்கு மாற்றாகத் தளம் போட்ட வீடு என்று அந்தச் சம்பளம் செய்த காரியங்கள் சிறியவை அல்ல. ஆனால் வரிச் சிக்கலில் மாட்டிய ஆலை, 2014இல் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றுபோனது. விருப்ப ஓய்வுப் பணத்தோடு வெளியே வந்தவர்களுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது. லைனில் ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தவர்கள் அவர்கள். அந்த வேகத்துக்கும் நுணுக்கத்துக்கும் வெளியே சான்றிதழ் இல்லை, அடுத்த படியும் இல்லை. பாடியில் பழகிய ஃபிட்டருக்கு எந்த ஆலை மூடினாலும் கையில் ஒரு தொழில் மிஞ்சும். கைப்பேசிக்குத் திருகு முடுக்கிய பெண்ணுக்கு மிஞ்சியது அனுபவக் கடிதம் மட்டுமே. இது அந்தப் பெண்களின் குறை இல்லை. வேலையை அப்படித் துண்டாக்கி அமைத்தவர்களின் முடிவு.

நாட்டில் தொழிற்சாலை வேலை செய்யும் பெண்களில் பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மின்னணு ஆலைகள் அந்த எண்ணிக்கையை இன்னும் கூட்டிவருகின்றன. 2021 டிசம்பரில், ஐபோன் பொருத்தும் ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவு நஞ்சானதை எதிர்த்துச் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். தொழிலாளர் எங்கே தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார் என்பது உற்பத்திக்கு வெளியே உள்ள விஷயம் என்று அதுவரை நினைத்தவர்களுக்கு அந்த இரவு பதில் சொன்னது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. பின்னி மில் குடியிருப்பு கட்டிய காலத்தை நினைத்தால் இது புதிய யோசனை இல்லை. ஆனால் இந்த அளவில் செய்ததை மனமாரப் பாராட்ட வேண்டும். அதற்கடுத்த மாதமே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கப் பதிவு கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. 1918இல் பெரம்பூர் கேட்டதையே அவர்கள் கேட்டார்கள். முதலீடு போய்விடும் என்று சாம்சங் வேலைநிறுத்தத்தின்போது அச்சுறுத்தியவர்கள் உண்டு, முதலீடு போகவில்லை.

நகரத்துக்குள்ளே இன்னொரு தொழிலாளர் கூட்டம் இருக்கிறது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் அவை. சிந்தாதிரிப்பேட்டையில் வீட்டு வேலைக்கோ சுமை தூக்கவோ நடந்தே போனவர்கள், இரவோடு இரவாக இருபது கிலோமீட்டருக்கு அப்பால் குடியமர்த்தப்பட்டார்கள். போக்குவரத்துச் செலவில் பாதிக் கூலி போனது; பலர் வேலையை விட்டார்கள். 2021 மே முதல் மகளிருக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லை என்று ஆனது அந்தப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதைப் பெரும்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் அதிகாலையில் நின்று பார்த்தால் தெரியும். ஆனாலும் அவர்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற கண்ணாடிக் கட்டடங்களில் அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் காவலும் துப்புரவும்தான். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னதும் வேலை கொடுக்கத் தயங்குகிற கொடுமை இன்னும் இருக்கிறது. ஒரு நகரம் தன் பிள்ளைகளையே தன் வளர்ச்சிக்கு வெளியே வைத்துக்கொண்டு, ஆள் கிடைக்கவில்லை என்று வேறு மாநிலங்களில் தேடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

2023இல் அரசு, டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனப்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. ரோபோ, மின்வாகனம், கணினிவழி இயந்திரம் என்று புதிய பிரிவுகள் வந்திருக்கின்றன. 2022இல் வந்த ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவர்களை எட்டியிருக்கிறது. இவை நல்ல அடித்தளம். ஆனால் புது இயந்திரத்தை இயக்கிக்காட்டத் தெரிந்த பயிற்றுநர் வேண்டும். பாடியிலும் எண்ணூரிலும் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற டூல் ரூம்காரர்கள் வில்லிவாக்கத்திலும் கொரட்டூரிலும் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களை அம்பத்தூர், வடசென்னை, கிண்டி ஐ.டி.ஐ.களுக்கு மதிப்பூதியத்தோடு அழைக்கலாம். பட்டப்படிப்புத் தகுதி இல்லை என்று விதி தடுத்தால், விதியைத் திருத்த வேண்டும்.

2024 ஜனவரி முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அத்தகைய ஒப்பந்தங்களில் எத்தனை பேருக்கு வேலை என்ற எண் இருக்கும். எத்தனை பேருக்குத் தொழில் கற்றுத்தருவீர்கள் என்ற எண்ணையும் அதே பக்கத்தில் கேட்டு வாங்க வேண்டும். இன்றைய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ் எடுக்கக் கடமைப்பட்டது. அப்ரண்டிஸ் என்ற பெயரில் எடுத்தவரை லைனில் நிறுத்தி ஆண்டு முடிந்ததும் அனுப்பிவிடும் இடங்களை ஆய்வு செய்ய ஆள் வேண்டும். பயிற்சி முடித்தவரில் எத்தனை பேர் நிலைத்தார்கள் என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும்.

வல்லம் வடகால் குடியிருப்பில் தங்கும் பெண்கள் ஷிப்ட் முடிந்து வருகிறார்கள். பாலிடெக்னிக்குகள் முன்பு மாலையில் நடத்திவந்த பகுதிநேர டிப்ளமோவை அந்த வளாகத்துக்கே கொண்டுபோகலாம். மூன்று ஷிப்டுக்கும் ஏற்றபடி மூன்று வேளை வகுப்பு, லைனில் செய்த ஆண்டுகளுக்கு மதிப்பெண் சலுகை, நான்கு ஆண்டில் கையில் டிப்ளமோ. கட்டணத்தில் பாதியைக் கம்பெனியும் மீதியை அரசும் ஏற்க வேண்டும். அந்தப் பெண்களில் ஒரு பகுதியினராவது லைன் லீடராக, தர ஆய்வாளராக, பராமரிப்புப் பொறுப்பாளராக அதே ஆலைக்குள் மேலே போக வழி பிறக்கும்.